மாற்று சிக்னல் ஸ்டாக்: மெயின் த்ரெடில் வேலை செய்கிறது, புதிய த்ரெடில் செய்யவில்லை

கேள்வி

வணக்கம். லினக்ஸில் சி மொழியில் எழுதிவரும் ஒரு லைப்ரரியில், ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் தரவு இருக்கும் நினைவகம்) நிரம்பி வழிந்தாலும் பிழைச் செய்தியை எழுதிவிட்டு நிற்கும்படி ஒரு சிக்னல் ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) அமைத்திருக்கிறேன். மெயினின் தொடக்கத்தில் சிக்ஆல்ட்ஸ்டாக் மூலம் ஹேண்ட்லருக்கான மாற்று ஸ்டாக்காக 64 கிலோபைட் ஒதுக்கி, ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் சிக்ஆக்‌ஷனில் அந்த ஸ்டாக்கில் ஓடச் சொல்லும் எஸ்ஏ_ஆன்ஸ்டாக் ஃபிளாகையும் வைத்து, முடிவில்லாத ரிகர்ஷன் (தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்) ஒன்றை ஓட்டினால் ஹேண்ட்லர் ஓடுகிறது. அதே ரிகர்ஷனைப் பிதிரெட்_கிரியேட்டில் உருவாக்கிய த்ரெடில் ஓட்டினால், ஹேண்ட்லரின் முதல் வரியில் உள்ள ரைட் எதையும் எழுதுவதில்லை. ஷெல்லில் 139 என்ற எக்சிட் கோடு மட்டும் கிடைக்கிறது. சிக்ஆக்‌ஷன் புராசஸ் முழுமைக்கும் பொதுவானதுதானே?

மறுமொழி 1

சிக்ஆக்‌ஷன் பொதுவானதுதான், ஆனால் மாற்று ஸ்டாக் ஒவ்வொரு த்ரெடுக்கும் தனி, புதிய த்ரெடுக்கு அது வந்து சேராது. எனவே கெர்னல் ஏற்கெனவே நிரம்பிய ஸ்டாக்கிலேயே சிக்னல் ஃபிரேமை (ஹேண்ட்லருக்கு முன் சேமிக்கும் ரெஜிஸ்டர் நிலையை) எழுத முயன்று, முடியாமல் போகவே, ஹேண்ட்லரைத் தொடாமல் புராசஸையே கொன்றுவிடுகிறது. 139 என்பது 128 உடன், தவறான நினைவக அணுகலுக்கான சிக்னலான சிக்செக்வின் எண் 11 சேர்ந்தது. த்ரெடின் தொடக்க ஃபங்ஷனுக்குள்ளேயே, அந்த த்ரெடுக்கென ஒதுக்கிய தனி இடத்துடன் சிக்ஆல்ட்ஸ்டாக்கை அழையுங்கள். ஒரே இடத்தை இரண்டு த்ரெடுகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

64 கிலோபைட் வைத்தது நல்லது. ஏவிஎக்ஸ்-512 என்ற பெரிய ரெஜிஸ்டர்கள் உள்ள பிராசசரில் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் ஃபிரேமே மாற்று ஸ்டாக்கின் குறைந்தபட்ச அளவைச் சொல்லும் மின்சிக்ஸ்டிகேஎஸ்இசட்டின் பழைய மதிப்பான 2048 பைட்டைத் தாண்டிவிடுகிறது. 2021இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) 2.34இலிருந்து, மாற்று ஸ்டாக்கின் வழக்கமான அளவான சிக்ஸ்டிகேஎஸ்இசட் மாறிலியாக இல்லாமல் போகலாம் என்பதால், அதைக் கொண்டு குளோபல் அர்ரே அறிவித்த பழைய சோதனை நிரல்கள் சில கம்பைல் ஆகவே மறுக்கின்றன.

கேட்டவர்

மிக்க நன்றி, த்ரெடுக்குள் அழைத்ததும் செய்தி வந்துவிட்டது. ஆனால் வேகத்துக்காக நிரலை மாற்றியமைக்கும் -ஓ2 வைத்துக் கம்பைல் செய்தால் சோதனை முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரிகர்ஷன் ஃபங்ஷன் ஒரே வரிதான்: வந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டித் தன்னையே அழைத்து, வந்த மதிப்பை அப்படியே திருப்பித் தருகிறது.

மறுமொழி 2

அந்த வரிதான் காரணம். கடைசிச் செயல் தன்னையே அழைப்பதாக இருந்தால் கம்பைலர் அதை லூப்பாக மாற்றிவிடும். ஸ்டாக் வளராது, சிக்னலும் வராது. ஃபங்ஷனுக்குள் வாலடைல் ஆன (கம்பைலர் நீக்கிவிட முடியாத) 512 பைட் அர்ரே ஒன்றை வைத்து, அதன் முகவரியை அடுத்த அழைப்புக்கு அனுப்பி, திரும்பி வந்த பிறகும் அதைப் படியுங்கள். அர்ரே 4096 பைட்டைத் தாண்டினால், ஸ்டாக்கின் எல்லையில் வழிதலைப் பிடிக்கும் காவல் பக்கத்தைத் தொடாமலே அதற்கு அப்பால் உள்ள நினைவகத்தில் எழுதிவிடும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: ஹேண்ட்லர் ஓடியது என்பது மட்டும் சான்றாகாது. ஹேண்ட்லருக்குள் ஒரு லோக்கல் மாறியின் முகவரி மாற்று ஸ்டாக்கின் தொடக்க முகவரியான எஸ்எஸ்_எஸ்பி தொடங்கி, அதன் அளவான எஸ்எஸ்_சைஸ் பைட்டுகள் வரையிலான எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்து, அதற்கேற்ற கோடுடன் _எக்சிட் செய்யுங்கள். பிரின்ட்எஃப் அங்கே கூடாது. இவை அனைத்தையும் ஃபோர்க் செய்த சைல்டில் (தனியாகப் பிரித்த புராசஸில்) ஓட்டி, அது முடியக் காத்திருக்கும் வெயிட்பிட் மூலம் முடிவைப் படியுங்கள். பிறகு எஸ்ஏ_ஆன்ஸ்டாக் ஃபிளாகை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். அப்போது சைல்ட் 11ஆம் சிக்னலால் சாக வேண்டும்.

கேட்டவர்

ஃபிளாக் இல்லாதபோது 11ஆல் சாகிறது. இருக்கும்போது முகவரி எல்லைக்குள் விழுகிறது. -ஓ0 (மாற்றியமைக்காமல் கம்பைல் செய்வது), -ஓ2 இரண்டிலும் ஒரே முடிவு.