“தேறினான்” என்று எங்கே கோடு போடுவது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கே.ஆர்.புரத்துக்காரி:
சேலத்தில் எட்டு வருஷம் டீச்சராக இருந்தேன். இப்போது பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், அமெரிக்க மாநிலங்களின் பள்ளித் தேர்வுகளுக்குக் கேள்வி தயாரிக்கும் வேலை. தேர்ச்சிக் கோட்டை முடிவு செய்ய அங்கே அந்தந்த மாநில ஆசிரியர்களை உட்கார வைக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று எங்களுக்கும் தெரியட்டும் என்று ஒருநாள் ஆபீசில் ஒத்திகை வைத்தார்கள்.

சுலபம் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு: 3/8, 1/2, 2/5 ஆகியவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுது. தேர்ச்சிக் கோட்டில் நுனிக்காலில் நிற்கிற, அதாவது தட்டுத்தடுமாறித் தேறுகிற பிள்ளைகள் நூறு பேரை நினைத்துக்கொண்டு, அதில் எத்தனை பேர் சரியாகப் போடுவார்கள் என்று எண்ணை எழுத வேண்டும். 1971-இல் அமெரிக்கத் தேர்வு நிபுணர் வில்லியம் அங்காஃப் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை இது. ஒவ்வொரு கேள்விக்கும் குழுவின் சராசரியை எடுத்துக் கூட்டினால் தேர்ச்சி மதிப்பெண் வந்துவிடும்.

நான் 85 எழுதினேன். பக்கத்தில் இருந்தவர், கோலார் தங்கவயல்காரர், அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர், 30 எழுதியிருந்தார். “யாரை நினைச்சு எழுதினீங்க மேடம்?” என்று கேட்டார்.

கேள்வியை முடிக்கும் முன்பே கை தூக்குகிற முதல் பெஞ்சுப் பெண்ணைத்தான் நினைத்திருந்தேன். அவள் எங்கே கோட்டில் நிற்கிறாள்? “எட்டு பெரிசு, அப்ப 3/8 தான் பெரிசு” என்பானே ஒரு பையன், அவனையல்லவா நினைத்திருக்க வேண்டும். என் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருந்தான். பேர்கூடச் சட்டென்று வரவில்லை. அப்புறம் பிள்ளைகள் உண்மையில் எழுதிய கணக்கைத் திரையில் போட்டார்கள். கெட்டிக்காரர்களையும் சேர்த்தே சரியாகப் போட்டது 41 சதவீதம் பேர்தான். அடுத்த சுற்றில் நான் 45-க்கு இறங்கினேன். அவர் 35-க்கு ஏறினார், அவ்வளவுதான்.

ஸ்ரீராமபுரம் டியூஷன் அக்கா:
2022-இல் மத்திய அரசின் பள்ளிக் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை வாசிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 20 மொழி, மொழிக்கு ஒரு கோடு. ஏன் தனித்தனி என்று என் வீட்டுத் திண்ணையில்தான் புரிந்தது. ஒரு சின்னப் பெண் “விளை… யாடிக்… கொண்டிருந்… தார்கள்” என்று மூச்சு வாங்கி முடிக்கிறாள். கணக்கில் அது ஒரே வார்த்தை! அவள் அண்ணன் இங்கிலீஷில் “தே வேர் பிளேயிங்” என்று மூன்றைத் தாண்டிவிட்டான். இவளைத்தான் அவள் அம்மா மக்கு என்கிறார். ஸ்டாப்வாட்சை மூடி வைத்துவிட்டேன்.

அல்சூர் அப்பா:
நம்ம கர்நாடகக் கதையும் இருக்கிறதே. 2024-இல் என் மகன் ஐந்தாவது. மார்ச் 11 பொதுத்தேர்வு தொடங்கியது, மறுநாள் உச்ச நீதிமன்ற உத்தரவில் நின்றது. 22-ஆம் தேதி உயர் நீதிமன்றம் நடத்தலாம் என்றது. எழுதி முடித்தால், ஏப்ரல் 8 முடிவுக்கே தடை. “நான் பாஸாப்பா?” என்று ஒரு வாரம் கேட்டுவிட்டு, கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

கே.ஆர்.புரத்துக்காரி:
அமெரிக்காவிலும் கூத்து உண்டு சார். 2002-இல் வந்த சட்டம் 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேற வேண்டும் என்றது. ஆனால் கோட்டை அந்தந்த மாநிலமே போட்டுக்கொள்ளலாம். கோட்டைக் கீழே இறக்கிய மாநிலங்களும் இருந்தன.

அக்கா, அந்த 3/8 பையன் பேர் இன்று காலை பஸ்ஸில் ஞாபகம் வந்துவிட்டது.