பழைய மாணவர் கலந்துரையாடல் நாள்: போனவர்கள் எழுதுங்கோ

கொக்குவில் ரீச்சர்:

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் எங்கள் விஞ்ஞானபீடப் பழைய மாணவர்களுக்கென்று ஒரு நாள் முழுக்கக் குழுக் கலந்துரையாடல் நடந்தது. ஒன்றுகூடல் என்றால் வழமையாகப் படம் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டோடு கலைவதுதான். இந்த முறை மேடையில் கதிரை போட்டு ஆட்களை இருத்திக் கதைக்க வைத்தார்கள். போனவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கோ. வேறு இடத்து அனுபவம் என்றாலும் பரவாயில்லை.

முதல் அமர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாரும் எல்லாவற்றோடும் உடன்பட்டார்கள். இரண்டாவதில்தான் சபை நிமிர்ந்து இருந்தது. காலப்பகுதிக்கு ஒருவராக நாலு பேரை இருத்தி, நெறிப்படுத்திய அக்கா எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டா: "கொழும்புக்கு எப்படிப் போய் வந்தனீங்கள்?"

80களில் படித்தவர் "யாழ்தேவி" என்று ரயிலின் பெயரைச் சொல்லி ஒரு சொல்லில் முடித்தார். போரால் தரைவழி அடைபட்ட 90களில் படித்த, என் காலத்து அண்ணை கிளாலி என்று தொடங்கினார். கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தது, மின்சாரமே இல்லாத ஊரில் ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது எல்லாம் வந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 (யாழ்ப்பாணம்-கண்டி வீதி) மூடப்பட்டபோது வளாகத்தில் இருந்த தங்கச்சி, காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலை போய் அங்கிருந்து பஸ் பிடித்ததைச் சொன்னா. கப்பல் ஓடிய நேரத்தைவிட, அனுமதிக்குக் காத்திருந்த நாட்கள்தான் பெரிசாம். கடைசிப் பெடியன் 2014இல் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்த பிறகு கம்பஸுக்கு வந்தவன். "நான் ஏசிப் பெட்டியில போனனான், குறை நினைக்காதேங்கோ" என்றான். மண்டபம் சிரித்தது.

சரி, பம்பல்தான் என்று நினைத்திருக்க, நெறிப்படுத்திய அக்கா அடுத்ததைக் கேட்டா. வழி அடைபட்டிருந்ததால் நீங்கள் எடுக்காமல் விட்ட முடிவு எது? கிளாலி அண்ணைக்கு மேற்படிப்புக்கு வெளியில் இடம் கிடைத்ததாம். கடிதம் கைக்கு வரும்போது பதில் அனுப்ப வேண்டிய திகதி முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கப் போனார். குறைபட்டுக்கொண்டு சொல்லவில்லை. அந்த வருடம் கையில் என்ன இருந்தது, யாரிடம் யோசனை கேட்டார், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று விபரமாகவே சொன்னார். மேடையில் இப்படிக் கதைப்பவர் குறைவு. பரிசும் பதவியும் சொல்லுவோம், முடிவெடுத்த அந்தக் கிழமையைச் சொல்ல மாட்டோம். இறுதி வருடப் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தக் கிழமைதான்.

ஸ்காபரோ வாசி:

மத்தியானத்துக்குப் பிந்திய அமர்வில், கனடாவிலிருந்து போன நானும் மேடையில் இருந்தேன். பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில், தெற்கிலிருந்து வந்து படிக்கும் சிங்களப் பிள்ளைகளும் சபையில் இருந்தார்கள். ஆகவே நாங்களும் ஆங்கிலத்தில் கதைத்தோம். கேள்வி நேரம் வந்தது. ஒரு கையும் உயரவில்லை. நெறியாளர், "தமிழில கேளுங்கோ, சிங்களத்தில கேளுங்கோ, நாங்கள் சமாளிக்கிறம்" என்றார். பேந்து ஒலிவாங்கி ஓரிடத்தில் நிற்கவில்லை.

முதலில் எழும்பிய பிள்ளை கேட்டது: "அண்ணா, எங்கட சீவியை (CV) அங்க ஆராவது திறந்தாவது பாப்பினமோ?" தெரிந்த ஆள் ஒருவர் சொல்லாவிட்டால் அநேகமாகத் திறக்க மாட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். பழைய மாணவர்கள் ஒன்றுகூடுவதால் ஏதாவது பயன் என்றால் அது இதுதான். ஒரு பெடியன் பௌதிகவியலோடு என்ன செய்யலாம் என்று சிங்களத்தில் கேட்டான், முன்வரிசைத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள். எங்கே சிங்களம் படித்தனீர் என்று பிறகு கேட்டேன். விடுதி அறையிலாம்.

பிளேன்ரீ நேரம்தான் பகிடி. என்னைச் சுற்றி ஒரு கூட்டம், கேட்டதெல்லாம் விசா. நாலு அடி தள்ளி, யாழ்ப்பாணத்திலேயே மென்பொருள் நிறுவனம் நடத்தும் என் பட்ச்காரன் தனியாக நின்று மிதிவெடி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வந்ததே வேலைக்கு ஆள் எடுக்க!

வவுனியாவிலிருந்து:

நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) மங்கல விளக்கு, ஆசியுரை, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடியவே பதினொரு மணி தாண்டிவிட்டது. குழுவில் ஏழு பேர். தங்களை அறிமுகப்படுத்தியே நேரம் முடிந்தது. "நேரமின்மையால் கேள்விகளைத் தவிர்ப்போம்" என்று நன்றியுரைக்குப் போனார்கள். சாப்பாடு நல்லம்.

74 வட்டுக்கோட்டை:

நான் முதல் பட்ச். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது நாங்கள் விஞ்ஞானம் படித்தது வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த கட்டடங்களில். கலைப்பக்கம் திருநெல்வேலியில், சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில். வளாகத் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. தனிப் பல்கலைக்கழகமானது 1979 ஜனவரியில். இதை நான் எழும்பிச் சொல்ல, பக்கத்தில் இருந்த பிள்ளை நம்பாமல் கைபேசியில் தேடிப் பார்த்தாள். கலைப்பக்கக் கூட்டாளிகளைக் காணச் சைக்கிள் மிதித்த எங்கள் கால்களுக்கு அது நல்லாகத் தெரியும்.

ரீச்சர் ஒருவரை எழுதாமல் விட்டுவிட்டா. கடைசி அமர்வில் பின்வரிசையிலிருந்து எழும்பியவர், 1995 ஒக்டோபர் இடம்பெயர்வோடு படிப்பை விட்டவர். குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது, திரும்பி வந்தபோது தகப்பன் இல்லை, உழைக்க வேண்டியிருந்தது. இப்போது மருதனார்மடத்தில் மரக்கறி வியாபாரம். "பட்டம் எடுக்காத நானும் பழைய மாணவன்தானோ?" என்று கேட்டார். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆளைச் சமாளிக்க இனிப்பாக எதையும் சொல்லாமல், பெயரை எழுதித் தாங்கோ, கூட்டத்தில் வைத்துக் கதைப்போம் என்றார்கள். எனக்கு அது சரியாகப் பட்டது. கேள்வியைக் கேள்வியாகவே எடுத்தார்கள்.

கொக்குவில் ரீச்சர்:

ஓம் ஐயா, அவர் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனவர். ஸ்காபரோத் தம்பி, உங்கட பட்ச்காரரின் நிறுவனத்துக்குச் சீவி அனுப்பும் மின்னஞ்சலை எனக்குத் தனியாகப் போடுங்கோ. என்னட்டைப் படித்த இரண்டு பிள்ளைகள் இப்பவே கேட்கினம்.