நகரம் விரிந்தால் கார்பன் கூடுமா? மயிலாப்பூர், பெரும்பாக்கம் கணக்கு

கேள்வி: பெரும்பாக்கம்வாசி
அம்மா வீடு சென்னை நடுவே மயிலாப்பூர். நாங்கள் நகரின் தெற்கு விளிம்பில் பெரும்பாக்கம் தாண்டி ஃப்ளாட் வாங்கி வந்துவிட்டோம். இங்கே காற்றும் வெளிச்சமும் தாராளம். ஆனால் கார்பன் கணக்குப் பார்த்தால் அம்மா இருக்கிற நெரிசல்தான் தேவலாம் என்கிறான் தம்பி. எப்படி?

பதில்: சைட் எஞ்சினியர்
தம்பி சொல்வது சரிதான் மேடம். நான் ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் கட்டட வேலை பார்க்கிறவன். வீடு கட்டும்போதே கார்பன் வரும்: சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட வேண்டும். எரிபொருள் புகையைவிட, சூடேறிய கல்லிலிருந்தே கழலும் கார்பன் டை ஆக்சைடு அதிகம். ஆனால் கட்டி முடித்ததும் அந்தக் கணக்கு நின்றுவிடும். வீடு எங்கே இருக்கிறது என்பதால் வரும் கார்பன், கட்டடம் நிற்கும்வரை தினமும் வரும்.

மாட வீதியில் உங்கள் அம்மா கீரை, பூ எல்லாம் நடந்தே வாங்கிவிடுவார். தூரம் போக லஸ்ஸில் பஸ், திருமயிலையில் பறக்கும் ரயில். உங்கள் பக்கம் கொத்தமல்லிக் கட்டுக்கே வண்டியை எடுக்கணும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

என்னை உறுத்துவது எது முதலில் வந்தது என்பதுதான். ஓஎம்ஆரில் ஆறுவழிச் சாலை 2008-லேயே வந்துவிட்டது. மெட்ரோ வேலை தொடங்கவே அப்புறம் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் குடிவந்தவர்கள் எல்லாரும் பைக், கார் வாங்கிவிட்டார்கள். வாங்கின வண்டியை யார் சும்மா நிறுத்திவைப்பார்கள்?

பதில்: கண்ணகி நகர்ப் பையன்
அண்ணா, மயிலாப்பூர் வாடகையை யாரால் கொடுக்க முடியும்? அடையாற்றங்கரையில் இருந்த எங்களை ஓஎம்ஆர் பக்கம் இந்தக் கண்ணகி நகருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா வீட்டு வேலை செய்வது இன்னும் அடையாறில்தான். முன்பு நடந்துபோனவர் இப்போது விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறார்.

பதில்: சைட் எஞ்சினியர்
நியாயம் தம்பி. அம்மா நடந்துபோன நாட்களில் கார்பனும் இல்லை, பஸ் காசும் இல்லை. வேலைக்குப் பக்கத்திலேயே ஏழைகளுக்கு வீடு கொடுப்பதைவிடப் பெரிய கார்பன் திட்டம் எனக்குத் தெரியவில்லை. சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்க 2022-ல் அரசாணை வந்தது. புதிதாகச் சேரும் அந்த இடங்களிலாவது மனை பிரிக்கும் முன்பே பஸ் டிப்போவுக்கு இடம் ஒதுக்கணும்.

பெரும்பாக்கம்வாசி
எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா சார்?

பதில்: சைட் எஞ்சினியர்
குறையும் மேடம், வாங்குங்கள். ஆனால் ராத்திரி வரும் மின்சாரத்தில் நிலக்கரிப் பங்கு அதிகம். சூரிய மின்சாரம் பகலில்தான். ஆபீஸ் பார்க்கிங்கில் சார்ஜ் வசதி இருந்தால் மதியமே போட்டுவிடுங்கள்.