தாத்தாவோட பட்டாளத்து ரெக்கார்ட் தேட உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவோட அப்பா ரெண்டாம் உலகப்போர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ல (பட்டாளத்தோட இன்ஜினியர் பிரிவு) சாதாரண சிப்பாய், 1941ல மலாயாவுக்கு அனுப்பிட்டாங்க, அம்மா பொறந்ததே அவர் கப்பல் ஏறுனதுக்கு அப்புறம்தான். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்ததோட லெட்டர் நின்னு போச்சு. மூணு வருஷத்துக்கு மேல ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியாம ஆச்சி தாலிய கழட்டவும் மனசில்லாம, போட்டுக்கவும் தைரியமில்லாம இருந்திருக்காங்க. போர் முடிஞ்சு அவர் வாசல்ல வந்து நின்னப்போ அம்மாவுக்கு நாலு வயசு, யாரோ ஆளுன்னு பயந்து ஆச்சி சேலைக்குள்ள ஒளிஞ்சுகிட்டாங்களாம். அதை இன்னிக்கும் சொல்லி அழுவாங்க.

தாத்தா கடைசி வரைக்கும் அங்க நடந்தத வாயே தொறக்கல. சிங்கப்பூர் ஃபேரர் பார்க் மைதானத்துல இந்திய சிப்பாய்ங்கள தனியா பிரிச்சு ஜப்பான்காரன்கிட்ட ஒப்படைச்சாங்கல்ல, அதுல நிறைய பேர் ஐஎன்ஏல (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தாங்க, இவரும் சேர்ந்தாரா இல்ல கடைசி வரைக்கும் கைதியாவே இருந்தாரான்னு அம்மாவுக்கு தெரியணும்.

கையில இருக்கறது ஒரு பே புக் (பட்டாளத்து சம்பளப் புத்தகம்) மட்டும்தான், தண்ணி பட்டு அவரோட பட்டாளத்து நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து அழிஞ்சு போச்சு. காமன்வெல்த் போர்க் கல்லறை லிஸ்ட்ல இறந்தவங்க பேர்தான் இருக்கு, இவர் உயிரோட திரும்புனவரு. பெங்களூர்ல இருக்கற மெட்ராஸ் சாப்பர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ்ல முழு நம்பர் இல்லாம யாராச்சும் விவரம் வாங்கியிருக்கீங்களா? செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி கைதி விவரம் கெடச்சவங்க இருந்தா எப்படி எழுதுனீங்கன்னு சொல்லுங்க. அம்மாவுக்கு வயசாயிடுச்சு, சீக்கிரம் தெரிஞ்சா நல்லாருக்கும்.