அவசரத்தில் அழுத்தும் பட்டன்: உங்கள் அனுபவம் என்ன?

ரங்கூன், அச்சுக்கடை

எங்களுடையது சின்ன அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புக் எல்லாம் செய்கிறோம். பர்மியம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் டைப் அடிக்க வேண்டும். இங்கே கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனதும் யூபிஎஸ் கத்தும். அது அணைவதற்குள் திறந்திருக்கும் ஃபைல்களை மூடியாக வேண்டும். ஒரு மென்பொருளின் பட்டன் நல்லதா கெட்டதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கடையில் ஒரு மென்பொருள், ஃபைலை மூடினால் ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்கும். இன்னொன்று, பழைய லேஅவுட் மென்பொருள், ‘மாற்றங்களைக் கைவிடவா?’ என்று கேட்கும். இரண்டுக்கும் கீழே அதே எஸ், அதே நோ. ஒரு சாயங்காலம் கரண்டு போனது. எங்களிடம் வேலை பார்க்கும் பர்மியப் பெண் நல்ல கைவேகக்காரி. முதல் ஃபைலுக்கு எஸ், அடுத்ததற்கு எஸ், அதற்கடுத்ததற்கும் எஸ். கடைசியாக மூடியது அந்தப் பழைய மென்பொருளில் இருந்த கல்யாணப் பத்திரிகை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அடித்தது, சுற்றத்தார் பெயர் வரிசையோடு போய்விட்டது. பெண் வீட்டுக்காரர் மறுநாள் காலையில் ப்ரூஃப் பார்க்க வருவதாக இருந்தார். பாவம், அழுதே விட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். யூபிஎஸ் கத்தும்போது மேலே உள்ள வாக்கியத்தை யார் படிப்பார்கள்? கண் நேராகப் பட்டனுக்குத்தான் போகும்.

ஆகவே, அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பட்டனே சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி நோட்பேடில் எஸ், நோ, கேன்சல் என்றிருந்ததை அதற்கடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் சேவ், டோன்ட் சேவ், கேன்சல் என்று மாற்றினார்கள். ஆப்பிளின் வழிகாட்டியும் பட்டனில் வினைச்சொல்லைப் போடச் சொல்கிறது. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது, இருந்தும் இன்னும் எத்தனையோ பேர் செய்வதில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

பெகு, அரிசி மில் ஆபீஸ்

அண்ணே, எங்களுக்கு வந்தது வேறு விதமான தொல்லை. 2019 அக்டோபர் 1 முதல் பர்மிய எழுத்துக்கு நாடு யூனிகோடுக்கு, அதாவது உலகப் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாறியது நினைவிருக்கும். எங்கள் பில் மென்பொருளில் பட்டன் எழுத்தெல்லாம் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில். கம்ப்யூட்டரை யூனிகோடுக்கு மாற்றியதும் எழுத்து உடைந்து, ஒரு பட்டனையும் படிக்க முடியவில்லை. ஆனாலும் வேலை நிற்கவில்லை! எங்கள் கணக்குப்பிள்ளை, இடது ஓரம் பிரிண்ட், அடுத்தது புது பில், வலது ஓரம் அழிப்பது என்று இடத்தை வைத்தே அழுத்திக்கொண்டிருந்தார்.

அப்புறம் எழுத்தைச் சரிசெய்து புது வெர்ஷன் தந்தார்கள். எழுத்து அழகாகத் தெரிந்தது, ஆனால் பட்டன்களின் வரிசையையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள். இடது ஓரத்தில் இப்போது அழிப்பது. படிக்க முடியாத காலத்தில் வராத குழப்பம் படிக்க முடிந்த பிறகு வந்தது. பட்டன் உயரத்தையும் பார்க்கவில்லை. பர்மிய எழுத்தில் அடியில் தொங்கும் பகுதி வெட்டுப்பட்டு, இரண்டு பட்டன்கள் ஒரே மாதிரி தெரிந்தன.

ரங்கூன், அச்சுக்கடை

தம்பி, நீங்கள் சொல்லும் இடப் பழக்கம் ரொம்பப் பெரிய விஷயம். எங்களுக்கு டிசைன் செய்து தரும் பையன் வீட்டில் மேக் வைத்திருக்கிறான். மேக்கில் ஓகே வலது ஓரம், கேன்சல் அதற்கு இடப்பக்கம். விண்டோஸில் கேன்சல்தான் வலப்பக்கம். கடைக்கு வந்தால் முதல் அரைமணி நேரம் அவன் கை தடுமாறும்.

பட்டனின் தூரத்தையும் அளவையும்கூடப் பார்க்க வேண்டும். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே சொல்லிவிட்டார்: தொட வேண்டிய இலக்கு பெரிதாகவும் கிட்டத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். பிரிண்ட்டையும் டெலீட்டையும் குட்டிக் குட்டி ஐகானாக ஒட்டி வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அழிக்கும் பட்டனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம்.

இப்போதெல்லாம் யார் புது மென்பொருள் கொண்டு வந்தாலும், ஓர் எழுத்தை அடித்து, சேமிக்காமல் மூடிப் பார்ப்பேன். வரும் பட்டன்களைப் பர்மியப் பெண்ணிடம் காட்டி, ‘எதை அழுத்துவாய்?’ என்று கேட்பேன். அவள் யோசிக்காமல் சரியானதைக் காட்டினால்தான் விலை பேசுவது.