வேலைக்குத் திரும்பும்போது தாய்ப்பால் கறந்து வைப்பது: பம்ப், அளவு, ஃப்ரிட்ஜ்

நிலா_திருச்சி:
தோழிகளே, அடுத்த மாதம் பேறுகால விடுப்பு முடிகிறது. பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். காலை 9 முதல் மாலை 6 வரை அத்தை பார்த்துக்கொள்வார். எலெக்ட்ரிக் பம்ப்போடு 24 மி.மீ. ஃபனல் (மார்பில் பொருத்தும் புனல்) வந்தது. காம்பு வலிக்கிறது, இழுவையும் வரவரக் குறைகிறது. பால் கொடுத்து முடித்துக் கறந்தால் 30 மி.லி. தாண்டவில்லை. எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்? வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான். பாட்டில் இல்லாமல் பாலாடையிலேயே சமாளிக்க முடியுமா?

கமலி:
முதலில் ஃபனலைப் பாருங்கள் நிலா. கூட வருகிற 24 எல்லாருக்கும் பொருந்தாது. கருவட்டத்தை விட்டுவிட்டு, காம்பின் அடிப்பகுதிக் குறுக்களவை மட்டும் ஸ்கேலில் அளங்கள். அதோடு 0 முதல் 3 மி.மீ. வரை கூட்டினால் உங்கள் அளவு. ஃபனல் பெரிதானால் கருவட்டமும் சேர்ந்து உள்ளே போய் வீங்கும், பால் வராது. சிறிதானால் காம்பு உரசிப் புண்ணாகும். இதற்காகப் புது பம்ப் வாங்காதீர்கள், உள்ளே செருகும் சிலிகான் இன்செர்ட் தனியாகக் கிடைக்கும்.

இழுவை குறைந்தால் எல்லாரும் மோட்டாரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு வால்வில் இருக்கும். வாத்து மூக்கு மாதிரியான அந்தச் சிலிகான் துண்டின் நுனிப் பிளவு, சும்மா இருக்கையில் ஒட்டி மூடியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிகிறதா? அப்படியானால் மாற்ற வேண்டியதுதான். பிரஷ் விட்டுத் தேய்த்தால் சீக்கிரமே விரிந்துவிடும், விரலால் கழுவினால் போதும். தினமும் மூன்று நான்கு தடவை கறப்பவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு வால்வு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ட்யூபில் நீர்த்துளி நின்றால், ட்யூபை மட்டும் மாட்டி இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள், காய்ந்துவிடும். பாலே ஏறியிருந்தால், பால் ட்யூபுக்குள் போகாமல் தடுக்கும் சவ்வு கிழிந்திருக்கும், இல்லையென்றால் சரியாக உட்கார்ந்திருக்காது.

இழுவையை வலிக்கிற அளவுக்கு ஏற்றாதீர்கள். வலித்தால் பால் இறங்குவதே தடைபடும். குழந்தை குடித்து முடித்த பிறகு 30 மி.லி. என்பது குறைவே இல்லை.

மருதாணி:
அளவுக்கு நான் சொல்கிறேன். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் குழந்தைகள் நாளுக்குச் சராசரியாக 750–800 மி.லி. குடிக்கிறார்கள். அதாவது மணிக்குச் சுமார் 30. ஒன்பது மணி நேரத்துக்கு 270, பயண நேரமும் சேர்த்து 300–330 மி.லி. வையுங்கள். ஆறு மாதத்தில் கூழ், பருப்புச் சாதம் தொடங்கினால் மெல்லக் குறையும். ஃப்ரீசரை நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாளுக்கும், அவசரத்துக்கு ஒரு நாளுக்கும் இருந்தால் போதும், பிறகு இன்று அலுவலகத்தில் கறந்ததுதான் நாளைக்கு.

60–90 மி.லி. பாகமாகப் பிரித்து, தேதி எழுதி, ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள். கதவில் வேண்டாம். உள்பக்கத்தில் நாலு நாள் தாங்கும். வெளியே நாலு மணி நேரம் என்று எல்லா இடத்திலும் போட்டிருப்பது 25 டிகிரிக்கான கணக்கு. திருச்சிச் சித்திரையில் அதை நம்பாதீர்கள், கறந்த கையோடு ஐஸ் பேக் உள்ள பையில் வைத்துவிடுங்கள். அதில் 24 மணி நேரம் வரை இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் −18 டிகிரியில் நிலையாக நிற்காது, இரண்டு வாரத்துக்குமேல் வைக்காதீர்கள். கரண்ட் போய் உருகத் தொடங்கினாலும் உள்ளே ஐஸ் துகள் மிச்சமிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க உருகியதை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நிலா_திருச்சி:
நன்றி அக்கா. ஃப்ரீசரில் இருந்து எடுத்த பாலில் சோப்பு வாடை வருகிறது. கெட்டுவிட்டதா? அத்தை காய்ச்சிக் கொடுக்கலாம் என்கிறார்.

மருதாணி:
புளிப்பு வாடை இல்லையென்றால் கெடவில்லை. பாலில் உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வரும் வாடை அது. பாப்பா குடித்தால் கவலையே வேண்டாம். உறைந்த பிறகு காய்ச்சினால் வாடை போகாது. குடிக்க மறுத்தால் மட்டும், இனி கறந்ததும் ஓரத்தில் சின்னக் குமிழி வரும் வரை சூடாக்கி, பொங்க விடாமல் இறக்கி, உடனே குளிர வைத்து உறைய வையுங்கள். கொஞ்சம் சத்து போகும் என்பதால் எல்லாப் பாலுக்கும் இதைச் செய்யாதீர்கள். கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் போதும். மைக்ரோவேவில் அங்கங்கே கொதித்து வாய் வெந்துவிடும். மேலே ஒதுங்கிய ஆடையைச் சுழற்றிக் கலக்குங்கள்.

சங்கு_பாலாடை:
பாலாடை தாராளமாகப் போதும், கழுவுவதும் சுலபம். படுக்க வைத்து ஊற்றக் கூடாது, அதில்தான் புரையேறும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால் குழந்தையே நாக்கால் இழுக்கும். விழுங்கிய பிறகு அடுத்தது. ஐந்து மாதக் குழந்தை கையால் தட்டிவிடும், அதனால் சின்ன டம்ளரும் பழக்கலாம். வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாமென்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

கமலி:
ஒன்று விட்டுப்போச்சு. மூன்று மணி நேரத்துக்கொரு முறை கறந்துவிடுங்கள், விட்டால் கட்டிக்கொள்ளும். சிவந்து, காய்ச்சல் 100.4 தொட்டால் டாக்டரிடம் போங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் குழந்தைக் காப்பக வசதியும் தர வேண்டும். எச்ஆரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள், கதவு பூட்டுகிற அறையும் ஒரு ப்ளக் பாயிண்டும் வேண்டுமென்று சேர்த்து.