டிராப்டவுனை நாமே எழுதுவதா, பிரவுசரிடமே விடுவதா?

பாலாற்றுமீன்
சத்துவாச்சாரியில் இரண்டு பேர் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறோம். மூன்று வருடத்தில் வெப் பக்கம் கட்டும் கருவியான ரியாக்டில் எங்களுக்கென்று ஒரு காம்பொனென்ட் தொகுப்பு, அதாவது எடுத்துப் பொருத்தும் துண்டுகள், சேர்ந்துவிட்டது. டிராப்டவுன், மோடல் (பக்கத்தின் மேல் எழும் பெட்டி), காலண்டர், டேப், எல்லாம் டிவ் என்கிற வெறும் பெட்டியை வைத்துக் கட்டியவை. ஆம்பூர் செருப்புக் கடை முதல் ஒரு கிளினிக்கின் முன்பதிவுப் பக்கம் வரை அதுதான் ஓடுகிறது. போன வாரம் கிளினிக்கிலிருந்து போன். ஒரு நோயாளியின் மகளுக்குப் பார்வை இல்லை. அப்பாவுக்கு டோக்கன் போட உட்கார்ந்தவர், ஊரைத் தேர்வு செய்யும் இடத்தில் கம்ப்யூட்டர் பேசவே இல்லை என்று விட்டுவிட்டாராம்.

என் பார்ட்னர் மொத்தத்தையும் தூக்கிவிட்டு ரேடிக்ஸ் அல்லது ரியாக்ட் ஏரியா என்று வெளியில் தயாராகக் கிடைக்கும் லைப்ரரி ஒன்றைப் போடலாம் என்கிறான். எனக்கு மனம் வரவில்லை. இருக்கிற கோடிலேயே, திரையை வாசிக்கும் மென்பொருளுக்கும் கீபோர்டுக்கும் வேண்டிய குறிப்புகளான ரோல், டேப்இண்டெக்ஸ், ஏரியா எல்லாம் சேர்த்துவிட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைஅகழி
ஒரு வாரமா? கோபித்துக்கொள்ளாதே தம்பி, சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே ஒரு பட்டனை எடுத்துக்கொள். டிவ்வைப் பட்டனாக்க ரோல் போட வேண்டும். டேப் அழுத்தினால் அங்கே நிற்க வேண்டும். எண்டருக்கும் ஓட வேண்டும், ஸ்பேஸுக்கும் ஓட வேண்டும். அதிலும் அசல் பட்டன் எண்டரை அழுத்தியதுமே வேலை செய்யும், ஸ்பேஸ் என்றால் விரலை எடுத்த பிறகுதான். ஸ்பேஸ் அழுத்தும்போது பக்கம் கீழே உருளாமலும் தடுக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் கையில் கிடைப்பது என்ன? பிரவுசர் முதல் நாளிலிருந்தே இலவசமாகக் கொடுத்துவந்த ஒரு பட்டன்.

இது பட்டன் கதை. தேடல் உள்ள டிராப்டவுன் இன்னும் மோசம். ஏரியா 1.1 வந்தபோது காம்போபாக்ஸ் என்கிற ரோலை வெளிப்பெட்டிக்குப் போடச் சொன்னார்கள். 2023இல் வந்த 1.2இல் அதை நேராக இன்புட்டுக்கே மாற்றினார்கள். நீ கூகுளில் தேடி எடுக்கும் கட்டுரை எந்தக் காலத்தது என்று உனக்குத் தெரியாது. வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் செய்முறை வழிகாட்டியே, தவறான ஏரியாவைவிட ஏரியா இல்லாமலிருப்பதே மேல் என்று சொல்கிறது.

என் கட்சி இதுதான்: சொந்தத் தொகுப்பும் வேண்டாம், லைப்ரரியும் வேண்டாம். ஊருக்குப் பிரவுசரின் அசல் செலெக்ட் (பட்டியல் பெட்டி), பட்டனுக்கு அசல் பட்டன். மோடலுக்கு டயலாக் எலிமெண்ட் இருக்கிறது. 2022 மார்ச்சிலிருந்து குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் ஓடுகிறது.

வெயிலூரான்
அகழி அண்ணன் கஸ்டமரிடம் பேசிப் பல வருடமாகிறது போல. குடியாத்தத்து லுங்கிக் கடைக்காரரிடம் அசல் செலெக்டைக் காட்டிப் பாருங்கள். "என்னப்பா, கவர்மென்ட் ஆபீஸ் ஃபாரம் மாதிரி இருக்கு" என்பார். அவர் பணம் கொடுப்பது அழகுக்கு. இதுவரை ஒரு கஸ்டமராவது திரையை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரில் ஓடுமா என்று என்னிடம் கேட்டதில்லை.

பாலாறு, உன் பார்ட்னர் சொல்வதுதான் சரி. லைப்ரரியை எழுதுகிறவர்களுக்கு முழுநேர வேலையே அதுதான். ஹெட்லெஸ் லைப்ரரி என்றால் நடத்தை அவர்களுடையது, தோற்றம் உன்னுடையது. கடைக்காரர் கேட்கும் மயில்கழுத்து நிறத்தை அதில் தாராளமாகப் பூசிக்கொள்ளலாம். நீயே எழுதுவது வீண் பிடிவாதம்.

மக்கன்பேடா
கஸ்டமர் கேட்கவில்லை என்றால் பொறுப்பில்லை என்று ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தனியார் சேவைகளுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வழியை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள், அதாவது வாழும் உரிமைக்குள் வரும் என்றே தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர்களால், கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பை முடிக்க முடியவில்லை. அங்கே தொடங்கிய வழக்கு அது. கண் சிமிட்டு என்பதும் ஒரு காம்பொனென்ட்தானே? யாரோ ஒருவர் நம்மைப் போல உட்கார்ந்து எழுதியதுதான்.

வெயிலூரான்
தீர்ப்பைப் படித்தேன் ப்ரோ. சாதாரண செருப்புக் கடை மேல் யார் கேஸ் போடப் போகிறார்கள்? நான் நடப்பைச் சொல்கிறேன்.

திரைவாசகி
கேட்கிறவர் யாரும் இல்லை என்கிறீர்கள். சரி, நான் கேட்கிறேன்.

பள்ளி ஆசிரியை, பார்வை இல்லை. பதினொரு வருடமாக என்விடிஏ என்கிற ஸ்க்ரீன் ரீடரைப் பயன்படுத்துகிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர் 2006இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள். பாலாற்றுமீன் தம்பி தனிச்செய்தியில் அனுப்பிய முன்பதிவுப் பக்கத்தை நேற்று இரவு திறந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

டேப் அழுத்தினால் பெயர், போன் நம்பர், அப்புறம் நேராக 'பதிவு செய்'. ஊர் என்கிற பெட்டியே வரவில்லை. அம்புக்குறியால் வரிவரியாகத் தேடினேன். "ஊரைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஏதோ அறிவிப்புப் பலகை மாதிரி வாசித்தது. எண்டர் தட்டினேன், அமைதி. பட்டியல் திறந்ததே எனக்குத் தெரியவில்லை. அது பக்கத்தின் கடைசியில், காப்புரிமை வரிக்கும் கீழே போய் உட்கார்ந்திருந்தது. காட்பாடியில் வழி கேட்டவருக்கு அரக்கோணத்தில் பதில் சொல்கிற மாதிரி.

ஊர் இல்லாமல் பதிவு செய்தேன். மறுபடி அமைதி. என் தங்கை பார்த்துவிட்டு, சிவப்பாக ஏதோ வந்திருக்கிறது என்றாள். அடுத்து விதிமுறைகள் பெட்டியைத் திறந்து மூடினேன், பக்கத்தின் உச்சிக்குத் தூக்கிப் போட்டுவிட்டது. பெயரிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

இன்னொன்று. பக்கம் முழுக்கத் தமிழ், ஆனால் மொழி அடையாளம் ஆங்கிலம் என்று இருக்கிறது. சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் வாயே திறக்காது. இதைத் திருத்த எந்த லைப்ரரியும் வேண்டாம், முதல் வரியில் ஒரு சொல் மாற்றினால் போதும்.

பாலாற்றுமீன்
அக்கா, படிக்கவே வெட்கமாக இருக்கிறது. மொழியை இப்போதே மாற்றிவிட்டேன். இத்தனைக்கும் இந்தக் குறைகளைத் தானாகத் தேடும் ஆக்ஸ் கருவியில் இரண்டே இரண்டு பிழைதான் காட்டியது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியிருக்கிறேன்.

மோடலுக்கு அகழி அண்ணன் சொன்ன டயலாக் எலிமெண்டையே போட்டுப் பார்த்தேன். எஸ்கேப் அழுத்தினால் மூடுகிறது, பின்னால் இருக்கும் பக்கம் தானாக முடங்குகிறது. ஆனால் மூடியதும், அதைத் திறந்த பட்டனுக்குத் திரும்ப வேண்டிய ஃபோகஸ் (கீபோர்டு நிற்கும் இடம்) திரும்பவில்லை. ஏன்?

கோட்டைஅகழி
ரியாக்டில் 'ஓபன் என்றால் காட்டு, இல்லையென்றால் எடுத்துவிடு' என்று எழுதியிருப்பாய். மூடு என்று சொல்லி டயலாக்கை மூடினால்தான் பிரவுசர் ஃபோகஸைத் திருப்பிக் கொடுக்கும். மூடாமல் பக்கத்தின் எலிமெண்ட் மரத்திலிருந்தே பிடுங்கிவிட்டால் திரும்பிப் போக அதற்கு வாய்ப்பே இல்லை. முதலில் குளோஸ் கூப்பிடு, பிறகு எடு.

மக்கன்பேடா
லைப்ரரி போட்டால் தீர்ந்தது என்று வெயிலூரான் சொன்னதற்கு வருகிறேன். நானும் அப்படித்தான் நம்பினேன், தமிழில் ஓட்டிப் பார்க்கும் வரை.

முதலில், உள்ளே பொதிந்திருக்கும் சொற்கள். 'மூடு', 'அடுத்த மாதம்' போன்றவை கண்ணுக்குத் தெரியாத லேபிளாக இருக்கும். ரியாக்ட் ஏரியாவில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அவை தயாராக உள்ளன. நான் கடைசியாகப் பார்த்தபோது தமிழ் இல்லை. தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலம் பேசும்.

அடுத்தது தட்டச்சு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் விசைப்பலகையில், சொல்லை முடிக்க எண்டர் தட்டுகிறவர்கள் உண்டு. 'காட்' வரை அடித்துவிட்டு எண்டர் தட்டினால், காம்பொனென்ட் அதை 'முதல் ஊரைத் தேர்ந்தெடு' என்று எடுத்துக்கொள்கிறது. எழுத்து இன்னும் கூடிக்கொண்டிருக்கிறதா என்று ஈவென்டில் இஸ்கம்போசிங் என்று ஒரு கொடி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எண்டரை மதிக்க வேண்டும். சீன, ஜப்பானியப் பயனர்கள் சத்தம் போட்டதால் பெரிய லைப்ரரிகள் இதைக் கவனிக்கின்றன. சின்னவை கவனிப்பதில்லை.

மூன்றாவதுதான் வேடிக்கை. தேடிய எழுத்தைத் தடிமனாகக் காட்டும் வசதி. 'வ' என்று அடித்தால் 'வேலூர்' வரும், அதில் வ மட்டும் தடிமனாகும். கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடில் வே என்பது வ என்ற எழுத்தும் அதன் பின்னால் வரும் ஏகாரக் குறியும். நடுவில் டேக் போட்டு வெட்டினால் குறி தனியாகப் பிய்ந்து, ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்கும். நம் ஊர்ப் பெயரே உடைந்துபோகும்.

கோட்டைஅகழி
அதற்குத்தான் பிரவுசரிலேயே இன்ட்ல்.செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறதே. எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது.

மக்கன்பேடா
காட்டுவதற்கு அது சரி. தேடுவதற்கும் அதையே வைத்தால் கெட்டீர்கள். முழு எழுத்தாக ஒப்பிட்டால் வ வேறு, வே வேறு. 'வ' அடித்தவருக்கு வேலூரும் வராது, வாணியம்பாடியும் வராது. தேடும்போது யூனிகோட் குறிகளாகவே ஒப்பிட வேண்டும், தடிமனாக்கும்போது முழு எழுத்துக்கு நீட்டிக்க வேண்டும். ஒகர வரிசையை வேறு ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. இரண்டு பக்கமும் நார்மலைஸ் செய்துவிட்டுத்தான், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான், ஒப்பிட வேண்டும்.

வெயிலூரான்
நீங்களே எனக்காக வாதாடுகிறீர்கள். இவ்வளவு சிக்கல் இருந்தால் தனி ஆள் எழுதவே கூடாது. லைப்ரரியை எடுத்து, தமிழில் இடிக்கும் இடத்தைத் திருத்தி அவர்களுக்கே அனுப்புங்கள். நாளைக்கு எல்லாருக்கும் பயன்படும்.

கோட்டைஅகழி
அல்லது தேடல் பெட்டியே வைக்காதே. கிளினிக்குக்கு வருகிற ஊர் எத்தனை? இருபதா? இருபது ஊருக்குத் தேடல் எதற்கு? அசல் செலெக்டில் இந்தச் சிக்கல் ஒன்றுகூட இல்லை.

மக்கன்பேடா
அதில் அண்ணன் பக்கம்தான் நான்.

எல்லாரும் ஸ்க்ரீன் ரீடரோடு நிற்கிறோம், கையை மறந்துவிட்டோம். என் பெரியப்பாவுக்குத் தொழுநோயால் வலது கை விரல்கள் மடங்கிவிட்டன. நம் ஊரில் இது புதிதல்ல. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை சிகிச்சை செய்து உலகத்துக்கே வழிகாட்டினார். பெரியப்பா போனை விரல் முட்டியால் தட்டுகிறார். பெரிய பட்டன் என்றால் பிரச்சினை இல்லை. காலண்டரில் 14ஐத் தட்டினால் 21 விழுகிறது. விலையை இழுத்து வைக்கும் ஸ்லைடரை அவரால் பிடிக்கவே முடியாது.

எல்லாரும் பயன்படுத்தும்படி வெப்சைட் செய்வதற்கான விதித்தொகுப்பு டபிள்யூசிஏஜி. 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 இரண்டையும் சொல்கிறது. தட்டும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல், அல்லது சுற்றிலும் அந்த அளவுக்கு இடைவெளி. இழுத்துச் செய்யும் எதையும் தட்டியும் செய்ய முடிய வேண்டும். 24 என்பது கடைசி வரம்பு, பெரியப்பாவின் முட்டிக்கு அது போதாது. நான் 48 வைக்கிறேன். பட்டனுக்கு உயரத்தைப் பூட்டியும் வைக்காதீர்கள். 'முன்பதிவை உறுதிசெய்யவும்' சின்னத் திரையில் இரண்டு வரியாகும், கீழ் வரியின் கால்கள் வெட்டுப்படும்.

பாலாற்றுமீன்
காலண்டர் பேச்சு வந்ததால் கேட்கிறேன். அதற்கும் அசல் டேட் இன்புட் போட்டுவிடலாமா?

கோட்டைஅகழி
போடு.

வெயிலூரான்
போடாதே. குரோமில் டேட் இன்புட் பக்கத்தின் மொழியைப் பார்க்காது, பிரவுசரின் மொழியைத்தான் பார்க்கும். அமெரிக்க ஆங்கிலம் இருந்தால் மாதம் முன்னால் வரும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா? மருத்துவமனைத் தேதியில் இந்த விளையாட்டு ஆகாது. பிறந்த தேதிக்கு 1958 வரை உருட்டுவது வேறு. பிரிட்டிஷ் அரசின் டிசைன் சிஸ்டத்தில் நாள், மாதம், வருடம் என்று மூன்று சாதாரணப் பெட்டிகள்தான். அதில் மட்டும் நான் பழைய பாணி.

திரைவாசகி
தம்பி, அந்த டாக்டர் எந்தெந்த நாளில் பார்க்கிறார்?

பாலாற்றுமீன்
திங்கள், புதன், வெள்ளி. இரண்டு வாரத்துக்கு மட்டும் முன்பதிவு.

திரைவாசகி
அப்படியென்றால் ஆறு நாள். ஆறு நாளுக்கு எதற்குக் காலண்டர்? ஆறு ரேடியோ பட்டன் வையுங்கள். "புதன், 14" என்று என் காதில் விழும், பெரியப்பாவின் முட்டிக்கும் அகப்படும்.

வெயிலூரான்
இது எனக்கே தோன்றவில்லை. கிளினிக்குக்கு ஒப்புக்கொள்கிறேன். கடைகளுக்கு நான் லைப்ரரிதான் போடுவேன், அதில் மாற்றமில்லை.

பாலாற்றுமீன்
நான்கு நாள் கழித்து வருகிறேன். ஊருக்கு அசல் செலெக்ட், நாளுக்கு ரேடியோ, மோடலுக்கு டயலாக். பிழைச் செய்தி வரும் இடத்தை முதலிலேயே காலியாக வைத்துவிட்டு, அதற்குள் எழுத்தைப் போடுகிறேன். பிழையோடு சேர்த்து அந்தப் பெட்டியையே புதிதாகக் கொண்டுவந்தபோது பல நேரம் வாசிக்கவில்லை. எங்கள் தொகுப்பில் 1,100 வரி போய்விட்டது, கொஞ்சம் வலித்தது. டேப் மட்டும் எங்களுடையதே இருக்கும். வலது இடது அம்புக்கு நகர வைத்துவிட்டேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பார்ட்னர் இன்னும் லைப்ரரி கட்சிதான். அக்கா, ஒருமுறை பார்க்க முடியுமா?

திரைவாசகி
பார்த்தேன். ஊர்ப் பெட்டியில் 'வேலூர், 20இல் 17' என்று சொல்கிறது. ஊர் போடாமல் அனுப்பினேன், உடனே திட்டியது. மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சோதனைக்காகப் போட்டது நிஜமாகவே பதிவாகிவிட்டது. புதன்கிழமை, டோக்கன் 9. ரத்து செய்யலாம் என்று பார்த்தால் அந்த இடத்தில் "பட்டன்" என்று மட்டும் சொல்கிறது, வெறும் பெருக்கல் குறி வைத்திருக்கிறீர்கள் போல. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம் வேலூரைச் சொல்வார்கள். கோயில் குறையாவது 1981இல் தீர்ந்தது. இப்போது பெயர் இல்லாத பட்டன். நீங்களே ரத்து செய்துவிடுங்கள், யாராவது நோயாளிக்குப் போகட்டும்.